பாக்கியத்தின் கையும் பதினொரு முட்டையும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் இருந்த இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கால்நடை உத்தியோகத்தர், ஒரு இளம் பெண்.

"சேர், நீங்க முந்தி எழுதின கோழி வளர்ப்பு நோட்டீஸ் ஒண்ணு ஃபைல்ல கிடைச்சிச்சு. தோட்டங்களுக்குச் சின்ன இன்கியூபேட்டர் குடுக்கப்போறோம். அதோட சேர்த்து இந்த நோட்டீசையும் அச்சடிச்சுக் குடுக்கலாமா? நல்லா எழுதியிருக்கீங்க சேர்."

நல்லா எழுதியிருக்கிறீர்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டுவிட்டு, நாலாவது வரியை வாசிக்கச் சொன்னேன். "முட்டைகளை நாளொன்றுக்கு மூன்று தடவை தவறாமல் திருப்பி வைக்கவும்" என்று வாசித்தார்.

"அந்த வரிய அடைக்கோழி வச்சிருக்கிறவங்களுக்குக் குடுத்துடாதீங்க தங்கச்சி. மெஷினுக்கு மட்டும் வச்சுக்குங்க."

"ஏன் சேர்?"

போனில் சொல்லி முடிகிற விசயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அந்த ஒரு வரிக்குள் என் முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் பாதி அடங்கியிருப்பது தெரிந்தது.

நான் தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் இறப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். அம்மாவின் கட்டிலுக்கடியில் எப்போதும் ஏதாவது ஒரு கோழி அடைக்குப் படுத்திருக்கும். அதை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. படித்து வெளியே போகவேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. போனேன். ஆனால் வந்து சேர்ந்தது திரும்பவும் கோழியிடம். பயிற்சிக் காலத்தில் இன்கியூபேட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். எத்தனை பாகை சூடு, எவ்வளவு ஈரம், எத்தனை தடவை திருப்புவது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடைக்கோழிக்கு அரைப் பக்கம்தான் இருந்தது. அந்த அரைப் பக்கத்தையும் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் பையும் கொடுத்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பினார்கள். சனங்கள் என்னைக் 'கோழி ஐயா' என்றார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பழகிவிட்டது.

எனக்கு மேலே பல மிருக வைத்தியர்கள் வந்து போனார்கள். கடைசிப் பத்து வருடம் இருந்தவர் ஒரு சிங்களப் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். டொக்டர் நோனா, அதாவது டொக்டர் அம்மா, என்றுதான் எல்லாரும் சொல்வோம். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். என்ன சொன்னாலும் முதலில் அவர் வாயில் வருவது "பலமு" என்கிற சிங்கள வார்த்தை. பார்ப்போம் என்று அர்த்தம். சும்மா தட்டிக்கழிப்பதற்குச் சொல்கிற பார்ப்போம் இல்லை. சொன்னால் நிஜமாகவே பார்ப்பார்.

வந்த புதிதில் றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஏதோ முகாமுக்காகப் போயிருந்தோம். ஒரு வீட்டில் கோழி அடையை விட்டு எழும்பி ஓடுகிறது, உட்காரவே மாட்டேன் என்கிறது என்றார்கள். கோழிக்குக் குணம் சரியில்லை, வேறு கோழி பாருங்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். டொக்டர் நோனா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மண் தரையில் குந்தினார். கோழி இல்லாத கூடைக்குள் வெறுங்கையை விரித்து வைத்தார். ஒரு நிமிசம் போயிருக்கும். கையை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினார். மணிக்கட்டு வரைக்கும் பொடிப் பொடியாகச் செல், கோழிப் பேன், ஊர்ந்துகொண்டிருந்தது.

"நீங்க இருப்பீங்களா ஐயா, இதுக்குள்ள?" என்று என்னிடம் கேட்டார்.

பழைய புல்லை எரித்து, கூடையை வெயிலில் காய வைத்து, அடியில் சாம்பல் தூவி, புது மானாப்புல் போட்டுக் கொடுத்தோம். அதே கோழி போய் உட்கார்ந்துகொண்டது. அவர் என்னைக் கண்டிக்கவில்லை. கையை மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, வீட்டுக்காரர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வழியெல்லாம் அந்தக் கேள்வி வண்டிக்குள் கூடவே வந்தது.

பிறகு அந்தக் கரண்ட் கட் காலம் வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கரண்ட் இருக்கும், எத்தனை மணித்தியாலம் இருக்காது என்று பட்டியல் போட்டு வாழ்ந்த காலம். மெஷினில் குஞ்சு பொரிக்கிறவர்கள் கை விட்டுவிட்டார்கள். டீசல் இல்லை, குஞ்சு இல்லை, தீன் இல்லை. டொக்டர் நோனாதான் சொன்னார், கோழிக்குக் கரண்ட் தேவையில்லையே என்று. நல்ல இனச் சேவலோடு சேர்ந்த கோழிகளின் முட்டைகளைத் தெரிந்தெடுத்து, லயங்களில் யாரிடம் அடைக்கோழி இருக்கிறதோ அவர்களுக்குப் பதினொன்று பதினொன்றாகக் கொடுப்பது என்று முடிவானது. பிள்ளைகளுக்கு ஒரு முட்டையாவது கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம்.

வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நோட்டீசும் நானே எழுதினேன். எனக்குத் தெரிந்த பாடம் மெஷின் பாடம். ஆகவே மெஷினுக்குச் சொல்வதையெல்லாம் கோழிக்கும் எழுதினேன். காலை, பகல், மாலை மூன்று வேளையும் முட்டையைத் திருப்பு என்றேன். கோழி தன் பாட்டுக்கு அலகால் நாளெல்லாம் திருப்பிக்கொண்டுதான் இருக்கும் என்பதை மறந்தே போனேன். அம்மாவின் கட்டிலுக்கடியில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் செய்தேன். அடைக்கூடையில் ஒரு இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் போட்டு வைப்பது எங்கள் சனங்களின் வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், ஆணி அதைத் தடுக்கும் என்று நம்பிக்கை. எங்கள் பக்கம் சித்திரை மாதத்து இடி எப்படியென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் வீடு வீடாகப் போய் ஆணிகளைப் பொறுக்கி வெளியே வீசினேன்.

முட்டை வாங்கியவர்களில் பாக்கியமும் ஒருவர். நாற்பது வயதிருக்கும், பால் வெட்டும் தொழிலாளி. அந்தத் தோட்டத்தில் அவரைப் போல மரம் நோகாமல் வெட்டுகிறவர் இல்லை என்று கங்காணியே சொல்வார். கல்யாணமாகி இருபது வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, காம்பரா என்போம். பக்கத்துக் காம்பராவில் சரசு. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள்.

பாக்கியத்தின் கோழி ஒரு சிவப்புப் பெட்டை. உடம்பை ஊதிக்கொண்டு, கிட்டப் போனால் உறுமும். தட்டையான பழைய கூடை, அடியில் ஈர மணல், மேலே புல், நடுவில் குழி. எல்லாம் சொன்னபடி இருந்தது. ஏழாம் நாள் போய்க் காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, டோர்ச்சுக்குக் கறுப்புக் கடதாசிக் குழல் செய்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். லயத்துக் காம்பராவில் பகலிலும் அந்த வேலைக்குப் போதிய இருட்டு உண்டு. பத்து முட்டையில் நரம்பு ஓடி உயிர் தெரிந்தது. ஒன்றுதான் வெறுமை. பாக்கியம் ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருபத்தோராம் நாள் ஒன்றும் பொரிக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாளும் இல்லை. சரசு வீட்டில் ஒன்பது குஞ்சு, அடுத்த லயத்தில் எட்டு. சரி, இரண்டாம் தடவை கொடுப்போம் என்று வேறு கோழி, வேறு முட்டை கொடுத்தேன். அதுவும் அதே கதை. ஏழாம் நாள் உயிர் இருக்கிறது, கடைசியில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. முட்டை கிடைப்பதே கஷ்டமாக இருந்த காலம். இருபத்திரண்டு முட்டை மண்ணுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், அத்தனை பேரும் நிற்கும்போது சொன்னேன்.

"இனிமே பாக்கியம் கையில முட்டை குடுக்க வேணாம். அவங்களுக்குச் சரிவராது."

சரசு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது, பாக்கியத்துக்கும் கேட்டது. "ஐயாவே சொல்லிட்டாரு பாத்தியா? வயித்துலயும் தங்கல, கையிலயும் தங்கல."

பாக்கியம் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தன் மலைக்கு, தனக்குப் பிரித்துக் கொடுத்த மரங்களுக்கு, நடந்தார். நானும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு கிழமையில் சரசுவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணத் தட்டுத் தூக்க லயத்துப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாக்கியத்தைக் கூப்பிடவில்லை. கங்காணி சொல்லித்தான் எனக்கே தெரியவந்தது. ஆனால் அதற்குள் நடந்த வேறொன்றை முதலில் சொல்லவேண்டும்.

பெரட்டில் கத்திவிட்டு அலுவலகம் போன அன்றே டொக்டர் நோனாவிடம் விசயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முட்டை உடைச்சுப் பாத்ததா ஐயா?"

உடைக்கவில்லை. நாற்றம் வருமென்று பாக்கியத்தின் மரவள்ளிக்குப் பக்கத்தில் நானே குழி தோண்டிப் புதைத்திருந்தேன்.

"பலமு," என்றார். "எடுங்க."

பாக்கியமும் சனங்களும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் போய், நானே புதைத்ததை நானே தோண்டினேன். இரண்டாம் தடவை வைத்த பதினொன்றும் கிடைத்தன. அலுவலகத்துக்குப் பின்னால் வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, டொக்டர் நோனா ஒன்று ஒன்றாக உடைத்தார். உடைக்கிறபோது எத்தனையாம் நாளில் செத்தது என்று சொல்லிக்கொண்டே போனார், நான் எழுதினேன். ஒன்று ஆரம்பத்திலிருந்தே வெறுமை. மீதி பத்திலும் முழுக் குஞ்சு. இறகு, நகம், அலகு எல்லாம் இருந்தன. பதினெட்டு, பத்தொன்பது நாள் வரை உயிரோடு இருந்திருக்கின்றன.

"கோழி நல்லாத்தான் அடை காத்திருக்கு. குஞ்சு பெருசானதும் காத்துப் போதல்ல. மூச்சு முட்டியிருக்கு," என்றார். ஓட்டைத் தட்டில் வைக்கப் போனவர் நிறுத்தினார். பெருவிரலால் ஓட்டின் மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பழுப்பாக ஏதோ உரிந்து வந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அவர் இரண்டு விரலால் இழுத்தார். அது இழுபட்டது.

"இது என்ன ஐயா?"

அதை அவருக்குச் சொல்ல என்னைப் போல ஒருவன்தான் வேண்டும். இறப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு அது தெரியாமல் போகுமா? பள்ளிக்கூட நாளில் அம்மாவின் விரலிலிருந்து எத்தனை தடவை உரித்து விளையாடியிருக்கிறேன்! கையில் காய்ந்த இறப்பர் பால். ஓடு முழுக்க மெல்லிசாகப் பூசியிருந்தது.

அன்று பின்னேரம், வேலை விட்ட பிறகு, பாக்கியத்தின் காம்பராவுக்கு இருவரும் போனோம். நான் எழுதிய நோட்டீஸ் சுவரில் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே கரியால் கோடுகள். நாளைக்கு மூன்று. ஒரு நாளும் விடவில்லை.

"ஐயா சொன்னபடிதான் செஞ்சேன்," என்றார் பாக்கியம். "காலையில மலைக்குப் போக முன்னுக்கு ஒரு தடவை. பகல்ல மரத்துல பால் வடியிற நேரத்துல ஓடியாந்து ஒரு தடவை. அந்தில ஒரு தடவை. ஒரு வேள கூட தவறல ஐயா. அப்பிடி இருந்தும் எனக்கு மட்டும் ஏன் இப்பிடி ஆவுது?"

பகலில் ஓடிவருகிறபோது கையெல்லாம் பால் இருக்கும். வெட்டிய மரத்தில் காய்ந்து ஒட்டிய பட்டைப்பாலை உரித்துவிட்டு, பால் வடியும் சிரட்டையைச் சரி பண்ணிவிட்டு ஓடிவருகிற கை. மூன்று கிலோமீட்டர் போக, மூன்று கிலோமீட்டர் வர. பதினொரு முட்டையையும் அந்தக் கையால் எடுத்து, ஆசையாகத் திருப்பி வைத்திருக்கிறார்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சரசுவிடம், நீங்க எத்தனை தடவை திருப்பினீங்க என்று கேட்டேன்.

"எங்களுக்கு அதுக்கெல்லாம் எங்க ஐயா நேரம்? கோழி பாத்துக்கும்னு விட்டுட்டோம்."

என் பேச்சைக் கேட்காதவர்கள் வீட்டிலெல்லாம் குஞ்சு பொரித்திருக்கிறது. கேட்டு நடந்த ஒரே ஒரு ஆளை நான் ஊர் முன்னால் நிற்க வைத்து அவமானப்படுத்தியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. உத்தியோக மிடுக்கில் அடக்கிக்கொண்டேன்.

ஜீப்பில் ஏறிய பிறகு டொக்டர் நோனாவிடம், பாக்கியத்துக்கிட்ட தனியா மன்னிப்புக் கேட்டுக்கிறேன் என்றேன். அவர் ஜீப் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"பேசினது எங்க?"

"பெரட்டில."

"அப்ப அங்கதான்."

அதற்குள் வேறு தோட்டங்களில் கோழிகளுக்கு நோய் வந்து ஊசி போட அலைந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. தைரியம் வரவில்லை. இரண்டு கிழமையை இழுத்தடித்தேன். அந்த இரண்டு கிழமைக்குள்தான் சரசு வீட்டுக் கல்யாணம் நடந்து, தட்டுத் தூக்கப் பாக்கியத்தைக் கூப்பிடாமல் விட்டார்கள். அதைக் கங்காணி வாயால் கேட்ட மறுநாள் விடிய ஐந்தரைக்குப் பெரட்டில் போய் நின்றேன்.

"பாக்கியம் கையில ஒரு குறையும் இல்ல," என்றேன். "முட்டையத் திருப்பச் சொன்னது நான். அடைக்கோழிக்கு அது தேவையில்ல. பால் கையோட தொட்டா முட்டைக்கு மூச்சு முட்டும்னு சொல்லாம விட்டதும் நான். நீங்க யாரும் நான் சொன்னத செய்யல, அதனால தப்பிச்சீங்க. அவங்க செஞ்சாங்க. தப்பு என்னோடது. அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

கங்காணி தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார். பாக்கியம் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கடைசியில் தலையை நிமிர்த்தினார்.

"சரிங்க ஐயா. அப்ப முட்டை எப்ப குடுப்பீங்க?"

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காக இன்றுவரை அவருக்கு நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது பதினொன்றை டொக்டர் நோனாவே தன் வீட்டுக் கோழிகளிடமிருந்து கொண்டுவந்தார். ஒரு கிழமைக்கு மேல் பழசு இல்லாதவை, கழுவாதவை. அந்தி நேரத்தில், சிவப்புப் பெட்டை ஆற அமர உட்கார்ந்திருக்கையில், ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கடியில் தள்ளினோம். பாக்கியம் முகட்டைப் பார்த்தார். வானம் உறுமிக்கொண்டிருந்தது. நான் வெளியே போய் எங்கிருந்தோ ஒரு ஆணியும் கரித்துண்டும் தேடிக்கொண்டு வந்து கூடையில் போட்டேன். டொக்டர் நோனா சிரித்தார். "கோழிக்கு நட்டம் இல்ல," என்றார்.

ஏழாம் நாள் இரண்டு வெறும் முட்டையை எடுத்துவிட்டோம். ஒன்பது மீதி. ஒன்பதாம் நாள் தீன் தின்றுவிட்டு வந்த கோழி குதித்து உட்கார்ந்ததில் ஒன்றில் மயிரளவு வெடிப்பு. நான் அப்போது அங்கே இருந்தேன். அதை எடுத்துத் தூரப் போடுங்கள், மற்றதையும் கெடுத்துவிடும் என்றேன்.

பாக்கியம் முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "ஐயா, வெடிச்ச எடத்துல மட்டும் ஒரு பொட்டுப் பால் வைக்கட்டுமா?"

"பாலா? பட்டது போதாதா பாக்கியம்!"

"முழுக்கப் பூசுனாத்தானே மூச்சு முட்டும். ஓட்டைய மட்டும் அடைச்சா?"

டொக்டர் நோனாவுக்குப் போன் போட்டேன். வெடிப்பு எவ்வளவு நீளம் என்று கேட்டார். பிறகு "பலமு" என்றார்.

தென்னை ஈர்க்கு நுனியில் தொட்டு, வெடிப்பின் மேல் மட்டும், பாக்கியம் பாலை வைத்தார். பால் வெட்டும்போது பட்டையில் கத்தி ஓடுமே, அந்தக் கை. கொஞ்சமும் ஆடவில்லை.

இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சு. பொட்டு வைத்தது மட்டும் அப்படியே கிடந்தது. கோழி எழும்பிக் குஞ்சுகளோடு வெளியே போகப் பார்த்தது. பாக்கியம் தடுத்து, தீனைக் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்து அதை உட்கார வைத்தார். அடுத்த நாள் காலை அதுவும் வந்துவிட்டது. எனக்குப் போன் போட்டவர் சரசு.

"ஐயா, அந்த ஒட்டுப் போட்டதும் பொரிச்சிருச்சு! பாக்கியம் அழுதுகிட்டு இருக்கா, பேச வருதில்ல, அதான் நான் எடுத்தேன்."

அதன் பிறகு நான் அந்த வேலையில் இருந்தது ஒன்றரை வருடம். தோட்டத்தில் யார் வீட்டில் கோழி அடைக்குப் படுத்தாலும் பாக்கியத்தைக் கூப்பிட்டு முட்டை வைக்கச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஊர் முன்னால் கேட்ட மன்னிப்பால் அது நடக்கவில்லை. அந்த ஒன்பதாவது குஞ்சால் நடந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமை, சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். லயத்து வாசலில் ஒரே கூட்டம். சரசுவின் மகள் பிள்ளை பெற்று, அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். நர்ஸ் மிஸ் கேட்டால் ஏசுவார், ஆனாலும் ஒரு சொட்டாவது வைக்காமல் விடமாட்டார்கள். வைக்கிறவரின் கைராசி பிள்ளைக்கு வரும் என்பதால் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

சரசு சீனித்தண்ணிக் கிண்ணத்தோடு நடு வாசலில் நின்றார். மகள் பிள்ளையை ஏந்திக்கொண்டிருந்தாள். ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டேன்.

"பாக்கியம் வரணும் ஐயா. மலையில இருந்து இப்பத்தான் எறங்கினா."

பாக்கியம் தண்ணீர்ப் பீலிக்கடியில் குந்தி, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் காய்ந்திருந்த பாலை ஒவ்வொரு விரலாக உருட்டி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போதவில்லை போல, திரும்பவும் சவர்க்காரம் போட்டார்.

"பொறுங்க சரசு, இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"மெதுவா வா," என்றார் சரசு. "புள்ள எங்கயும் போயிடாது."

நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.